ரங்கூன் ஓட்டல் வாசலில் முளைத்த மொச்சை

1

திருமுல்லைவாயிலில் இருந்து என் அக்கா புருஷன் வேலாயுதம் எழுதிய கடுதாசி, மழை பிடித்த முதல் வாரத்தில் ரங்கூனுக்கு வந்து சேர்ந்தது. மாமா கடுதாசி எழுதினால் பாதி ஏரித் தண்ணீரைப் பற்றி இருக்கும், பாதி முட்டிவலியைப் பற்றி இருக்கும். இந்தத் தடவை முட்டிவலி இரண்டே வரி. மீதியெல்லாம் அவர் மூத்த மகனுக்குப் பெண் பார்த்த சேதி.

"நசரத்பேட்டையில ஒரு பொண்ணு கீது, பேரு தெய்வானை. நம்ம ஜனம்தான். உங்கக்காவுக்கும் புடிச்சிது, பையனுக்கும் புடிச்சிது. ஆனா பூந்தமல்லி சந்தையில ஒருத்தன் ஒண்ணு சொன்னான். பொண்ணோட அப்பன் முனுசாமி, நீ வேலை செய்யற அதே ஓட்டல்ல கொத்தனா இருந்தவனாம். வெள்ளக்காரன் வாசப்படிக்கு அடியில செய்வினை வெச்சி, கையும் களவுமா மாட்டிகினு, கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்களாம். இதனாலயே ரெண்டு எடம் தட்டிப்போச்சாம். நீ அங்கியே கீற ஆளு. நெசமா பொய்யா, உள்ளத எழுது மச்சான். உன் வார்த்தைய வெச்சிதான் தட்டு மாத்தறதா வேணாமான்னு முடிவு பண்ணணும்."

இதைப் படித்த அன்று நான் சோறு தின்னவில்லை. ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மூடி வைத்துக் கதை சொல்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. முனுசாமி செய்வினை வைக்கவில்லை. அந்த வாசலில் அவன் வைத்தது வேறு ஒன்று, அதை வைக்கச் சொன்னவன் நான். பழி அவன் மேல் விழுந்தபோது பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்காதவனும் நான்தான். அவன் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் நிற்கிறது, விவரம் என்னிடமே கேட்கிறார்கள்.

2

நான் வேலை பார்க்கிற கட்டடத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஓட்டல் என்றதும் நாலு பெஞ்சும் ஒரு இட்லிப் பானையும் என்று ஊரில் நினைத்துவிடப் போகிறீர்கள். இது மூன்று மாடி, செங்கல் சிவப்பு, விக்டோரியா ராணி ஆண்ட காலத்தில் எழுப்பியது. தெருவைப் பார்த்த பக்கம் மாடிக்கு மாடி இரும்புத் தாழ்வாரம். கைப்பிடிக் கம்பிகளில் இலையும் கொடியுமாக இரும்பிலேயே வார்த்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் சீமையில் வார்த்து, எண் குத்தி, கப்பலில் வந்ததாம். பெயிண்டைச் சுரண்டினால் இன்றைக்கும் எண் தெரியும். நாற்பத்தொன்றாம் எண் தூண் நிற்க வேண்டிய இடத்தில் பதினாலு நிற்கிறது. எவனோ அவசரத்தில் மாற்றி நிறுத்தியிருக்கிறான், அது பாட்டுக்கு மாடியைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இருபது வயதில் ஆவடியில் ரயில் ஏறி, பட்டணத்தில் கப்பல் ஏறி, நாலு நாள் வாந்தி எடுத்து, இந்த வாசலில் வந்து நின்றேன். அண்ணாந்து பார்த்ததில் தலைமுண்டாசு பின்னால் விழுந்தது. ஊரில் எங்கள் வீட்டு வாசலில் குனியாமல் நுழைந்தால் நெற்றி புடைத்துக்கொள்ளும். இங்கே ஆள் மேல் ஆள் நின்றாலும் நிலையின் தலைப்பு எட்டாது. நிலைக்கு மேலே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி. காலை வெயிலில் அந்தச் சிவப்பும் நீலமும் தரையில் விழும்.

இருந்து பழகப் பழகத்தான் கட்டடத்தின் கோணங்கித்தனம் புரிந்தது. கூரை செங்குத்தாக இருக்கிறது, பனி விழுந்தால் வழுக்கி இறங்குவதற்காம். ரங்கூனில் பனிக்கு எங்கே போவது? அறைக்கு அறை குளிர்காயும் அடுப்பு, அதற்குப் புகைபோக்கி. நான் வந்த நாள் முதல் ஒன்றையும் பற்றவைத்துப் பார்த்ததில்லை. தங்க வருகிறவர்கள் அதில் குடையைச் சாய்த்து வைப்பார்கள். புகைபோக்கியில் புறா கூடு கட்டும், அதைக் கலைப்பது மராமத்து வேலைகளில் ஒன்று. கட்டியவர்கள் ஊரை விட்டு வரும்போது ஊரையே சுருட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். நானும் என் பெண்டாட்டியும் ரங்கூனில் முருங்கைக் கீரைக்கு அலைந்த அலைச்சலை நினைத்தால், அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

படிகளைச் சொல்ல வேண்டும். முன்படி தேக்கு, இரண்டு துரைசானிகள் பாவாடை உரசாமல் எதிரும் புதிருமாகப் போகலாம். பின்படி எங்களுக்கு. இதுவும் போதாதென்று, ஒவ்வொரு குளியலறைக்கும் வெளிப்பக்கத்தில் சுருண்டு ஏறுகிற இரும்புப் படி ஒன்று. அது தோட்டிக்கு. கழுவுகிற மனுஷன் யார் கண்ணிலும் படாமல் வந்து போக வேண்டும் என்று படம் போடும்போதே யோசித்திருக்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் நம் ஊரில் கொல்லைப்பக்க வழி யாருக்காக வைத்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தேன், கோபம் போய் வெட்கம் வந்தது.

இன்னொன்று. அந்த இரும்புத் தூண்கள் உள்ளே வெற்றிடம். கூரையில் விழுகிற மழை, தூணுக்கு உள்ளேயே இறங்கித் தரைக்கடியில் இருக்கும் கால்வாய்க்குப் போய்விடும். வெளியே ஒரு குழாய் தெரியாது. மழையில் தூணில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்கும். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்கள் எல்லாரையும் கவிழ்த்தது.

3

பதினெட்டு வருஷம் இருக்கும். நான் அப்போது இரண்டாவது மேஸ்திரி. முன்வாசல் நிலையின் வலது கால் அடியில் மக்கிப்போய்விட்டது. கரையான் என்றார் மானேஜர் துரை. கரையான்தான் என்றேன் நானும். துரை சொன்னதற்கு மேல் யோசிக்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை. புதுத் தேக்கில் அதே அளவில் நிலை செய்து நிறுத்தச் சொல்லி உத்தரவு.

நிறுத்த வேண்டிய கொத்தன் முனுசாமி. குள்ளமான ஆள், பேச்சு குறைவு. நம் பக்கத்து ஆள் என்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். என் பெண்டாட்டி பாக்கியத்தை அக்கா என்பான். அவளுக்கு அப்போது ஏழு மாசம். அதற்கு முன் ரங்கூனில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்திருந்தோம். அவள் சிரிப்பதையே விட்டிருந்த காலம்.

நிலை வைக்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னேன். "வெறும் நிலையாவா நிறுத்தப் போறீங்க?" என்றாள்.

"அது ஓட்டலு. நம்ம ஊடு இல்ல."

"எத்தினி ஜனம் காலு வெக்கிற வாசலு. நிறுத்தற கைக்கு ஊடு இன்னா, ஓட்டலு இன்னா? வவுத்துல புள்ளய வெச்சிகினு கீறேன். எனக்கு பயமா கீது."

ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகன் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். நம் பக்கத்தில் நிலை நிறுத்தும்போது, நெல், கோதுமை, துவரை, பயறு, கடலை, மொச்சை, எள்ளு, உளுந்து, கொள்ளு என்று ஒன்பது தானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து, குங்குமம் வைத்து, நிலைக்கு அடியில் வைப்பார்கள். அந்த வாசலில் வருகிறவர்களுக்குச் சோற்றுக்குக் குறை வரக்கூடாது என்பதற்காக. யாரையும் கெடுப்பதற்காக இல்லை.

பாக்கியம் முடிந்து கொடுத்த பொட்டணத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு விடியற்காலையில் போனேன். முனுசாமி பூச்சுக் கரணையைக் கீழே வைத்துவிட்டான்.

"வேணாம் அண்ணாத்தே. இது அவன் ஊடு. அவனுக்குத் தெரியாம அவன் வாசல்ல நாம ஒண்ணு வெக்கறது நாயமில்ல. கேட்டுட்டு வை."

"கேட்டா உடுவானா?"

"உடமாட்டான். அப்ப வெக்காத."

எனக்குச் சுருக்கென்றது. நான் மேஸ்திரி, இவன் கொத்தன், எனக்குப் புத்தி சொல்கிறான். "உங்கக்கா அழுவறா, நீ நாயம் பேசிகினு கீறயா?" என்று கேட்டேன். அவன் கரணையை மறுபடி எடுத்தான். நிலைக்காலுக்கு அடியில் குழி எடுத்துப் பொட்டணத்தை வைத்தான். சுண்ணாம்பு போட்டால் தானியம் வெந்துவிடும், சுற்றிலும் மணல் போடு என்று சொன்னதும் நான்தான். மணலில் வைத்த தானியம் முளைத்துவிடும் என்று விவசாயம் பார்த்த வீட்டில் பிறந்த எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

4

மழை பிடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. சலவைக்கல் படிக்கும் நிலைக்காலுக்கும் நடுவே இருந்த இடுக்கில், பச்சையாக ஒரு மொச்சைக் கொழுந்து இரண்டு இலையோடு எட்டிப் பார்த்தது. வாசல் காவல்காரன் பார்த்துப் பிடுங்கப் போனான், வேர் விடவில்லை. மானேஜர் கல்லைப் பெயர்க்கச் சொன்னார். உள்ளே ஈர மணலில் மஞ்சள் துணி. ரத்தம் மாதிரி குங்குமக் கறை. துணியைக் கிழித்துக்கொண்டு நாலா பக்கமும் வெள்ளை வெள்ளையாக வேர். தங்கியிருந்த துரைசானி ஒருத்தி மயங்கி விழாத குறை. இது குடும்பத்தைக் கெடுக்க வைக்கிற சாமான் என்று காவல்காரன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். நிலை நிறுத்தியது யார் என்று கேள்வி. "நான்தான்" என்று முனுசாமி முன்னால் வந்தான். அவனுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் இங்கிலீஷ் படித்த நான், துரைக்கும் ஆட்களுக்கும் நடுவே பேசுகிறவன். அன்றைக்கும் என்னைத்தான் பேசச் சொன்னார்கள்.

யார் வைக்கச் சொன்னது என்று துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன். முனுசாமி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"யாரும் சொல்லல, நானே வெச்சேன்னு சொல்லு அண்ணாத்தே. இது நவதானியம், எங்க ஊர்ல நல்லதுக்கு வெக்கறது, இந்த வாசல்ல வர்றவங்க சோத்துக்குக் கஷ்டப்படக் கூடாதுன்னு வெக்கறது, கெடுதல் இல்லன்னு தொரைக்கு புரியறாப்பல சொல்லு."

அத்தனை விவரமாகச் சொன்னால், இவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும், இவனுக்கும் பங்கு உண்டா என்று துரை என் பக்கம் திரும்புவார் என்று பயந்தேன். ஏழு மாசக்காரி வீட்டில் இருக்கிறாள் என்று அப்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவளைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதுதான் நிஜம். துரையிடம் நான் சொன்னது இவ்வளவே: "தானே வைத்தானாம். ஏன் என்று தெரியாதாம்."

அடுத்த கப்பலில் அவனை ஏற்றினார்கள். துறைமுகத்துக்குப் போனேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலாம். "அக்காவுக்கு நல்லபடியா பொறக்கட்டும். நான் ஊர்ல ஒண்ணும் சொல்லமாட்டேன், நீ கவலப்படாத" என்றான். இரண்டு மாசத்தில் எனக்கு நடராஜன் பிறந்தான், பிழைத்துக்கொண்டான். முனுசாமி ஊருக்குப் போன பிறகு பிறந்தவள்தான் இந்தத் தெய்வானை.

இன்னும் வெட்கக்கேடு ஒன்று உண்டு. அந்த மொச்சைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. வாசலுக்கு மழைச் சாரலே வராது. இரண்டு மழைக்காலம் கழித்து, வாசலை ஒட்டிய இரும்புத் தூணின் அடியைத் தோண்டிப் பார்த்தேன். மண்ணுக்குக் கீழே மயிரிழை விரிசல். கூரைத் தண்ணீர் அவ்வளவும் சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது. பழைய நிலை மக்கியதற்குக் காரணம் கரையான் இல்லை, அதுதான். நான் கண்டுபிடித்ததாகத் துரை முதுகில் தட்டினார், தலைமை மேஸ்திரி ஆக்கினார். முனுசாமியைத் திரும்பக் கூப்பிடலாம் என்று சொல்ல அன்றைக்கு வாய் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

5

மாமா கடுதாசிக்குப் பதில் எழுத இரண்டு வாரம் பிடித்தது. கம்பெனி முத்திரையோடு காகிதம் இருந்தால் ஊர் நம்பும் என்று அவர் எழுதியிருந்ததால் ஆபீசில் போய்க் கேட்டேன். குமாஸ்தா பழைய பதிவேடுகளைப் புரட்டிவிட்டு, தினக்கூலிக் கொத்தர்கள் பெயரே இதில் ஏறுவதில்லை என்றார். "இங்கே இல்லவே இல்லாத ஆளை, இன்ன காரணத்துக்காக நீக்கவில்லை என்று எப்படிய்யா எழுதிக் கொடுப்பது?" என்று கேட்டார். அவன் நிறுத்திய நிலை அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. பர்மா தனியாகப் பிரிந்ததில் இருந்து எதற்கெடுத்தாலும் ஒரு பாரம் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். எல்லாப் பாரத்திலும் என் சொந்த ஊர் என்ற இடத்தில் மெட்ராஸ் என்றே எழுதுகிறார்கள். திருமுல்லைவாயில் அந்தக் கட்டத்தில் அடங்காதாம். என் தமிழும் அப்படித்தான் ஆகிவருகிறது. போன வருஷக் கடுதாசியில் சந்தை என்பதற்கு 'ஸே' என்று பர்மாக்காரர் சொல்கிற மாதிரியே எழுதிவிட்டேன். அது என்ன வியாதி என்று அக்கா கேட்டிருந்தாள்.

நடராஜன் இப்போது அதே ஓட்டலில் முன்மேசையில் உட்காருகிறான். டை கட்டுகிறான், மனசுக்குள் பர்மா பாஷையில் எண்ணுகிறான், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். வருகிற விருந்தாளிகளிடம் வாசலைக் காட்டி, ராணி காலத்து நிலை, ஐயா, அப்படியே இருக்கிறது என்று சொல்வான். அவர்களும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். பத்திரிகைக்கும் எழுதப் போகிறேன் என்றேன்.

"எதுக்குப்பா? எப்பவோ நடந்தது. இங்க எவனாவது படிச்சி மானேஜர் காதுல போட்டா? நான் தெனம் அவர் மூஞ்சில முழிக்கணும்."

"அந்த நிலைய நிறுத்தினவன் பொண்ணுக்கு உன் வயசுடா" என்றேன். "நீ வவுத்துல இருந்தேன்னுதான் அவன் வாய மூடிகினு போனான்."

"அவருக்கு நான் பொறந்தது தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது. நான் ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. அதைச் சொன்னபோது அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புதிது. அதற்கப்புறம் எழுத வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. பாக்கியம் மட்டும், "எம்பேரையும் போடுங்க, பொட்டணத்த முடிஞ்சது நான்" என்றாள்.

முதலில் மாமாவுக்கு ஒன்று விடாமல் எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. என் கடுதாசியை நாலு பெரியவர்கள் முன்னால் படித்தாராம். சந்தேகம் தீர்ந்த சந்தோஷத்தில், வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு நசரத்பேட்டைக்குப் போனாராம். முனுசாமி உட்காரவைத்து மோர் கொடுத்தானாம். கடுதாசியை முழுக்கப் படிக்கக் கேட்டுவிட்டுச் சொன்னதை மாமா அப்படியே எழுதியிருக்கிறார்.

"காயிதம் வந்துச்சி, தட்ட எடுத்துகினு வந்துட்டீங்க. காயிதம் வரலேன்னா? அப்பவும் இதே பொண்ணுதான் இந்த ஊட்ல கீது. விசாரிச்சி சுத்தம்னு தெரிஞ்சப்பறம் எடுத்துகினு போறதுக்கு அது சந்தைச் சாமானா? நான் குடுக்கறதா இல்ல. அண்ணாத்தேக்கு ஒண்ணு எழுதுங்க. அன்னிக்கு நான் அத்தினி வார்த்த சொன்னேன், அவரு தொரைகிட்ட ரெண்டே ரெண்டுதான் சொன்னாரு. எனக்கு இங்கிலீசுதான் தெரியாது, எண்ணத் தெரியும்."

பதினெட்டு வருஷமாக, அவனுக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பாவத்தில் அந்தப் பங்கு எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு தைரியம் இருந்தது. துறைமுகத்தில் நின்று என்னைக் கவலைப்படாதே என்று சொன்னபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். எழுத வெட்கமாக இல்லை.

மாமாவுக்கு ரோஷம். "உள்ளத எழுதி இன்னா பிரயோஜனம் மச்சான், பொண்ணு கைவிட்டுப் போச்சே" என்று முடித்திருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமா படித்துக் காட்டியது நாலு பேருக்கு. பூந்தமல்லி சந்தையில் பேசுகிறவர்கள் நாற்பது பேர். இந்தப் பத்திரிகை ஆவடிக்கும் வருகிறது, அம்பத்தூருக்கும் வருகிறது, ஒருவர் படித்தால் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன். இதனால் இங்கே என் வேலைக்கு என்ன வருமோ வரட்டும்.

நசரத்பேட்டை முனுசாமி யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. வேண்டாம் என்று முதலில் சொன்னவன் அவன்தான். அந்த வீட்டில் பெண் கேட்க நினைத்துத் தயங்கி நிற்கிறவர்கள் யாராவது இருந்தால், விசாரிப்பதை விட்டுவிட்டு நேராகப் போங்கள். எங்கள் வீட்டுக்கு அங்கே பெண் இல்லை.